நிழற்படமும் ஒரு சாட்சியே

மேல்நிலை இரண்டாம் ஆண்டு, வரலாற்றுப் பிரிவு மாணவியர்

"சினிமாப் படத்தைக் கான்வென்ட் சுவரில் மாட்டுவதா?" என்று இவ்வாண்டுப் பெற்றோர் கூட்டத்தில் ஓர் அன்னையார் கேட்டார். நியாயமான கேள்வி. கேட்டவர்மேல் எங்களுக்குச் சிறிதும் வருத்தமில்லை. ஆனால் அன்று எங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். கூட்டம் முடிந்ததும் தலைமையாசிரியை அருட்சகோதரி எங்களை அழைத்தார். "வாயால் வாதாட வேண்டாம், பிள்ளைகளே. உங்கள் பக்கத்து நியாயத்தை ஆண்டு மலரில் எழுதுங்கள். படித்துப் பார்த்து முடிவு செய்வோம்" என்றார். அதன்படியே இதை எழுதுகிறோம்.

நடந்தது இதுதான். எங்கள் தோழி ஒருத்தியின் அப்புச்சி சென்ற ஆண்டு காலமானார். இளமையில் அவர் கொடுமுடிப் பக்கத்து டூரிங் டாக்கீஸ் ஒன்றில் சுவரொட்டி ஒட்டும் வேலை பார்த்தவர். அவர் கட்டிலுக்கடியில் வைத்திருந்த தகரப் பெட்டியை அம்மிச்சி பழைய பேப்பர்காரருக்குப் போட எடுத்து வைத்துவிட்டார். "அத்தனையும் வெறுங் காயிதம் கண்ணு. அந்த மனுசன் இதையும் ஒரு சொத்துன்னு காத்து வெச்சிருந்தாரு" என்றாராம். தோழி தடுத்து, பெட்டியைத் திறந்து பார்த்தாள். உள்ளே கொட்டகை நோட்டீசுகள், நாலைந்து பாட்டுப் புத்தகங்கள், மடிப்பில் கிழிந்த சுவரொட்டி ஒன்று, அடியில் 'அந்த நாள்' என்னும் படத்தின் ஆறு கறுப்பு வெள்ளை நிழற்படங்கள். இந்த ஆறு படங்களையும் எங்கள் பள்ளிக் கண்காட்சியில், நம் ஊர் வரலாற்றுப் பகுதியில் வைக்க விரும்பினோம். அதற்குத்தான் அந்தக் கேள்வி எழுந்தது.

முதலில் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். நம் பாட்டனார் பாட்டிமாருக்குத் தெரிந்த செய்திதான். எங்கள் வயதுப் பெண்களுக்குத் தெரியாது. 'அந்த நாள்' 1954-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் வெளிவந்தது. ஏ.வி.எம். நிறுவனத்தார் தயாரித்தது. இயக்கியவர் வீணை மேதை எஸ். பாலசந்தர். வசனம் எழுதியவர் ஜாவர் சீதாராமன். துப்பறியும் அதிகாரி சிவானந்தமாக நடித்தவரும் அவரே. பாட்டும் நடனமும் சண்டையும் இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம் அது. பாட்டுக்காகவே மக்கள் படம் பார்க்கப் போன காலத்தில், இசை மேதை ஒருவர் பாட்டே இல்லாத படத்தை எடுத்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்!

இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சென்னையில் கதை நடக்கிறது. படம் தொடங்கியவுடன் துப்பாக்கி வெடிக்கிறது. ராஜன் என்னும் ரேடியோ என்ஜினீயர் இறந்து விழுகிறார். ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். கதாநாயகன் தொடக்கத்திலேயே இறந்துவிட, மீதிக் கதை முழுவதும் விசாரணைதான். மனைவி உஷா, தம்பி, தம்பி மனைவி, அக்கம்பக்கத்தார் என்று ஒவ்வொருவராக வந்து தாம் கண்டதைச் சொல்கிறார்கள். ஒருவர் அடுத்தவரைக் கைகாட்டுகிறார். ஒவ்வொருவர் சொல்லும்போதும் இறந்தவரின் குணமே மாறித் தெரிகிறது. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1950-இல் எடுத்த 'ராஷோமோன்' படத்தைப் பார்த்த தாக்கத்தில் பாலசந்தர் இந்த முறையைக் கையாண்டார். கொன்றவர் யார் என்பதை நாங்கள் இங்கே எழுதப் போவதில்லை. துப்பறியும் கதையின் முடிவைச் சொல்வது பந்தியில் உட்காராதவருக்குச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வது போன்றது.

இப்போது அந்த ஆறு நிழற்படங்களுக்கு வருவோம். ஒன்றில் சிவாஜி கணேசன் தரையில் வீழ்ந்து கிடக்கிறார். ஒன்றில் பண்டரிபாய் நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு நிற்கிறார். முகத்தில் பாதி வெளிச்சம், பாதி நிழல். ஒன்றில் ஜாவர் சீதாராமன் எதிரில் இருப்பவரைக் கூர்ந்து பார்க்கிறார். மற்ற மூன்றிலும் மற்றவர்கள். யாருடைய கையிலும் துப்பாக்கி இல்லை. யாரும் கத்தவில்லை. ஆனாலும் ஒவ்வொரு படமும், 'இவராக இருக்குமோ?' என்று நம்மைக் கேட்க வைக்கிறது.

இவை படச்சுருளிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகள் என்றுதான் நாங்கள் முதலில் நினைத்தோம். உண்மை அதுவன்று. படப்பிடிப்புத் தளத்தில் திரைப்படக் காமிராவை இயக்குபவர் ஒருவர். ஸ்டில் எடுப்பவர் வேறொருவர். ஒரு காட்சி எடுத்து முடிந்ததும் நடிகர்களை மீண்டும் அதே இடத்தில் நிற்கச் சொல்லி, அவர் தம் காமிராவில் தனியே படமெடுப்பார். அந்தப் பிரதிகள் பத்திரிகைகளுக்கும், படத்தை வாங்கி வெளியிடுவோருக்கும், கொட்டகைகளுக்கும் போகும். கொட்டகை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகக் குத்தி வைப்பார்கள். கையில் காசு இல்லாதவர்கள் அவற்றைப் பார்த்தே கதையை ஊகித்துக்கொண்டு வீடு திரும்புவார்களாம்.

ஆக, ஸ்டில் என்பது நடந்த காட்சி அன்று. காட்சி முடிந்தபின் அதை மறுபடி நடித்துக் காட்டியது. அதாவது, சாட்சி சொல்வது போன்றது. சாட்சி பொய் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றைச் சொல்லி, ஒன்றைச் சொல்லாமல் விட்டாலே போதும். கேட்பவர் மீதியைத் தாமே நிரப்பிக்கொள்வார். துப்பறியும் படத்துக்கு விளம்பரம் செய்பவரின் கலையே அதில்தான் இருக்கிறது. ஆசையையும் மூட்ட வேண்டும், மர்மத்தையும் காக்க வேண்டும். 1960-இல் ஆல்பிரட் ஹிட்ச்காக் தம் 'சைக்கோ' படத்துக்குச் செய்த விளம்பரத்தில், படம் தொடங்கிய பின் எவரையும் உள்ளே விடமாட்டோம் என்றே அறிவித்தார். படத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட, ஏதோ மறைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லியே கூட்டம் சேர்த்தார்.

இதைச் சோதித்துப் பார்க்க எண்ணினோம். ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளை அழைத்து, ஆறு படங்களையும் மேசைமேல் பரப்பி, "இவர்களில் கொலை செய்தவர் யார்?" என்று கேட்டோம். அவர்களில் ஒருத்தியும் படத்தைப் பார்த்ததில்லை. எனினும், "தெரியாது" என்று சொன்னவர்கள் இருவரே! மற்ற எல்லாரும் விரலை நீட்டினார்கள். பெரும்பாலோர் நீட்டியது ஒரே முகத்தை நோக்கித்தான். காரணம் கேட்டோம். "முழியே சரியில்லீங்க அக்கா" என்றாள் ஒருத்தி. "முகத்துல நெழல் விழுகுதல்லங்க" என்றாள் இன்னொருத்தி. நிழலை விழச் செய்தவர் விளக்கை வைத்தவர். அந்த நடிகரா அதற்குப் பொறுப்பு? அவர்கள் காட்டிய முகம் சரியா, தவறா என்பதையும் நாங்கள் சொல்லப் போவதில்லை. சரியாகவே இருந்தாலும் அது கண்டுபிடிப்பு ஆகாது. ஊகம் பலித்தது, அவ்வளவே.

அன்று சிரித்தோம். ஆனால் மாலையில் எங்களில் ஒருத்தி ஒன்றை நினைவூட்டினாள். அதன்பின் எவருக்கும் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது சுற்றுலாவுக்குச் சேர்த்த பணம் காணாமற் போயிற்று. வகுப்பில் ஒருத்திக்கு வியர்த்துக் கொட்டியது; கை நடுங்கியது; யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. 'அவள்தான்' என்று முடிவு செய்துவிட்டோம். விசாரிக்கவும் இல்லை. இரண்டு நாள் அவளோடு யாரும் பேசவில்லை; சோற்றுப் பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கூடச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பணம், அதை வைத்திருந்தவளின் உலகப்பட நூலுக்குள்ளிருந்தே கிடைத்தது. ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டோம். "பரவால்ல" என்றாள். ஆனால் அடுத்த ஆண்டு வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். அவள் இந்த மலரைப் படிக்க நேர்ந்தால், நாங்கள் இன்னும் மறக்கவில்லை என்று அறிந்துகொள்ளட்டும். முகத்தில் விழுந்த நிழலைக் கண்டு தீர்ப்பு எழுதியவர்கள் நாங்கள்.

ஆகவேதான் சொல்கிறோம்: இந்த ஆறு படங்களும் பொழுதுபோக்குக்காக மட்டும் கண்காட்சியில் இடம் கேட்கவில்லை. ஒரு படத்தைப் பார்க்கும்போது என்னென்ன கேட்க வேண்டும் என்று எங்களுக்குக் கற்றுத்தருவதற்காகக் கேட்கின்றன. இதை எடுத்தவர் யார்? எதற்காக எடுத்தார்? சட்டத்துக்கு வெளியே என்ன இருந்தது? இதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது? இன்று ஒரு படம் கைபேசியில் ஏறினால் ஊர் முழுவதும் போய்விடுகிறது. வெட்டியும் ஒட்டியும் அனுப்புகிறார்கள். இல்லாத படத்தைக் கணிப்பொறியே உண்டாக்கித் தருகிறது. ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவள் குணத்தையே தீர்மானித்துவிடும் உலகம் இது. 1954-ஆம் ஆண்டு ஸ்டில்லை நிதானமாகப் பார்க்கப் பழகிய கண், இன்றைய படத்தையும் அவசரப்படாமல் பார்க்கும் என்று நம்புகிறோம். பெற்றோரே, இதைப் பள்ளியில் கற்காமல் நாங்கள் வேறெங்கே கற்பது?

மறுபக்கத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். பெண்ணை இழிவாகக் காட்டிப் பிழைக்கும் சுவரொட்டிகள் உண்டு. பேருந்து நிலையத்தில் அவற்றைக் கடக்கும்போது நாங்களும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அன்னையார் அஞ்சியது அதைத்தான் என்றால் அவர் கட்சியில் நாங்களும் சேர்ந்துகொள்கிறோம். ஆனால் நெல்லோடு பதரும் கிடக்கிறதென்று களத்துக்கே தீ வைப்பாருண்டோ? தூற்றிப் பார்க்க வேண்டும். தூற்றக் கற்றுக்கொள்ளவும் வேண்டும்.

சினிமாவுக்கும் நம்மைப் போன்றோருக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் எண்ணலாம். தென்னாட்டுக் கிராமங்களுக்கு ஓடும் படத்தைக் கொண்டுவந்த சாமிக்கண்ணு வின்சென்ட் நம் கோயமுத்தூர்க்காரர், கத்தோலிக்கர். ரயில்வேயில் வரைபடக்காரராக இருந்தவர், 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, வேலையை விட்டு, கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டினார். அவர் காட்டிய முதற் படங்களில் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. பின்னர் 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கைக் கட்டினார். மின்சாரத்தில் ஓடும் அச்சகமும் நடத்தினார். படமும் அச்சும் இணைபிரியாதவை என்று அறிந்தவர் அவர். நோட்டீசு போகாத ஊரிலிருந்து கூட்டம் வராது அல்லவா?

மர்மப் படங்களிலும் நம் கொங்கு நாட்டுக்குப் பங்கு உண்டு. வடுவூர் துரைசாமி அய்யங்காரின் துப்பறியும் கதையான 'திகம்பர சாமியார்' 1950-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் படமாயிற்று. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் இயக்கினார். எம்.என். நம்பியார் பல மாறுவேடங்களில் வந்தார். 'அந்த நாள்' வந்த அதே 1954-இல், கோவை பட்சிராஜா நிறுவனத்தார் நாமக்கல் கவிஞரின் 'மலைக்கள்ளன்' நாவலைப் படமாக்கினர். அவ்வாண்டுத் தேசிய விருதுகளில் தமிழுக்கான குடியரசுத் தலைவர் வெள்ளிப் பதக்கம் 'மலைக்கள்ள'னுக்கும், தகுதிச் சான்றிதழ் 'அந்த நா'ளுக்கும் கிடைத்தன. இதெல்லாம் நம் பக்கத்து வரலாறு இல்லையா?

இன்னும் நெருங்கி, நம் ஊருக்கே வருவோம். கொடுமுடி என்றால் காவிரிக்கும் மகுடேசுவரர் கோயிலுக்கும் அடுத்து எல்லார் வாயிலும் வருவது கே.பி. சுந்தராம்பாள் அம்மையார் பெயர். 1908-இல் இங்கே பிறந்து, வறுமையில் வளர்ந்து, குரலால் உயர்ந்தவர். 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே ஆண் வேடத்தில் நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அந்நாளில் நாடே வியந்த தொகை. அந்தப் படத்தை இன்று பார்க்க வேண்டுமென்றால் முடியாது. பிரதி எதுவும் எஞ்சியதாகத் தெரியவில்லை. தமிழின் முதல் பேசும் படமான 1931-ஆம் ஆண்டுக் 'காளிதாஸ்' படத்துக்கும் அதே கதிதான். அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும், வெப்பத்தில் கெடும். காப்பாற்ற வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. படம் போயிற்று. நிழற்படமும் விளம்பரமும் பாட்டுப் புத்தகமுமே, அப்படி ஒரு படம் இருந்தது என்பதற்குச் சாட்சியாக நிற்கின்றன. எடைக்குப் போடும் காகிதம் என்று நாம் நினைப்பதுதான் கடைசிச் சாட்சி!

'அந்த நாள்' நற்பேறு செய்தது. அதை இன்றும் பார்க்க முடிகிறது. ஆனால் எத்தனை படங்களுக்கு அந்தப் பேறு? இந்த உண்மையை உணர்ந்தவர் சிலர் இருந்தார்கள். 'பிலிம் நியூஸ்' ஆனந்தன் என்பவர் ஆயிரக்கணக்கான ஸ்டில்களையும் செய்திகளையும் தேடித் தேடிச் சேர்த்தார். அந்தத் தொகுப்பைத் தமிழக அரசு பெற்றுக்கொண்டது. அவர் 2016-இல் மறைந்தார். 1964-இல் பூனாவில் தொடங்கிய தேசியத் திரைப்படக் காப்பகம் படச்சுருள்களோடு சுவரொட்டிகளையும் ஸ்டில்களையும் பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்து வைத்தது. படித்தவர்கள் சேர்த்ததை எங்கள் தோழியின் அப்புச்சியும் தம்மாலானபடி ஒரு தகரப் பெட்டியில் செய்திருக்கிறார்.

எங்கள் வேண்டுகோள் சிறியதுதான். பள்ளி நூலகத்தில் ஓர் அலமாரித் தட்டு வேண்டும். ஊரில் யார் வீட்டிலேனும் பழைய நோட்டீசு, ஸ்டில், சுவரொட்டி, பாட்டுப் புத்தகம் இருந்தால் அதில் கொண்டுவந்து வைக்கலாம். பசை போட்டு அட்டையில் ஒட்டக் கூடாது. வெயில் படக் கூடாது. படத்தின்மேல் எழுதாமல், தனித்தாளில் படத்தின் பெயர், ஆண்டு, கொடுத்தவர் பெயர் எழுதிக் கூடவே வைக்க வேண்டும். எதை வைக்கலாம், எதை வைக்கலாகாது என்று அருட்சகோதரிகளும் பெற்றோரும் ஆசிரியைகளும் உட்கார்ந்து தீர்மானிக்கட்டும். அந்தத் தீர்ப்புக்கு நாங்கள் கட்டுப்படுகிறோம்.

கடைசியாக ஒன்று. ஆறு படங்களின் முன்பக்கத்தைப் பல நாள் பார்த்தோம். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. படங்களைத் துடைத்து வைக்கும்போதுதான் கண்டோம். பண்டரிபாய் படத்தின் பின்னால் பென்சிலால், கோணல் எழுத்தில், நாலு வரி இருந்தது: "4 நாள் ஓடியது. ஆடி 18 மட்டும் கூட்டம். பாட்டு இல்லை என்று சண்டை. எனக்குப் பிடித்தது."

தோழி அதை அம்மிச்சியிடம் படித்துக் காட்டினாள். அம்மிச்சி படத்தைக் கையில் வாங்கி, கண்ணுக்கருகில் வைத்து, நெடுநேரம் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கடிதம் எழுதும் பழக்கம் அப்புச்சிக்கு இருந்ததில்லை. கையெழுத்தென்று வீட்டில் வேறெதுவும் இல்லை. "எடைக்குப் போட இருந்தனே, சாமி" என்றாராம்.

இப்போது அந்தப் பெட்டி பழைய இடத்திலேயே, கட்டிலுக்கடியில் இருக்கிறது. கண்காட்சிக்கு அனுமதி கிடைத்தால் ஆறு படங்களையும் தாமே கொண்டுவந்து தருவதாக அம்மிச்சி சொல்லியிருக்கிறார். அதில் ஒரு படத்தை மட்டும் பின்பக்கம் தெரியும்படி வைக்க எண்ணியிருக்கிறோம். முடிவு உங்கள் கையில்.